கண்ணாடி அக்காவின் நான்கு நாள் பரீட்சை

கண்ணாடி அக்காவுக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. எதிர்ச் சுவரில் ஊர்கிற எறும்பு ஆணா பெண்ணா என்று கேட்டால்கூட யோசித்துப் பதில் சொல்வாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்க மேஜையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து, ஊரார் மிதித்தும் உட்கார்ந்தும் குழந்தை கையில் கொடுத்தும் உடைத்துக்கொண்டு வருகிற கண்ணாடிகளைச் சரிசெய்து கொடுக்கிறவள் என்பதால் அந்தப் பெயர். குறை விரல்களில். முடக்குவாதம். பதினோரு வருஷத்துக்கு முன்பு ஒருநாள் காலையில் பத்து விரலும் மடங்க மாட்டோம் என்று விறைத்துக்கொண்டு நின்றன. உடம்பு தன் மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற வியாதி என்று டாக்டர் விளக்கினார்.

"அவ்வளவு அறிவுகெட்ட உடம்பா டாக்டர் என்னோடது?" என்று கேட்டாள் அக்கா. டாக்டர் சிரித்துவிட்டு, இது போகாது, ஆனால் இதோடு நன்றாக வாழலாம் என்றார்.

ஒருவருக்குத் தீராத வியாதி என்று தெரிந்துவிட்டால் போதும், பார்க்கிறவன் எல்லாம் பாதி டாக்டர் ஆகிவிடுகிறான். ஒருத்தர் செம்பு வளையல் போடச் சொன்னார். இன்னொருத்தர் உருளைக்கிழங்கை நறுக்கி முழங்காலில் கட்டச் சொன்னார். நோய் விரலில் இருக்க முழங்கால் எங்கே வந்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கண்ணாடி வாங்க வந்த ஒரு பெரியவர், கோபத்தை விட்டால் வியாதி தானாகவே போய்விடும் என்றார். அப்போதுதான் அக்காவுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. எல்லாரிடமும் "சரிங்க, செஞ்சு பாக்கறேன்" என்பாள். செய்வதென்னவோ டாக்டர் சொன்னதை மட்டும்தான். சனிக்கிழமைதோறும் மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, தினமும் விரல் பயிற்சி.

முதல் இரண்டு வருஷம் அவள் நோயோடு மல்லுக்கட்டினாள். காலையில் அவசரப்பட்டாள், கோப்பைகளை உடைத்தாள், உட்கார்ந்து அழுதாள். பிறகு ஒருநாள் சலித்துப்போய், கடிகாரத்தில் அலாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தாள். அந்த ஒரு மணி நேரம் விரல்களுக்கு. வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு தட்டையான பாத்திரத்தில் ஊற்றி, கைகளைப் போட்டுக்கொண்டு, வானொலியைக் கேட்டபடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிடுவாள். "எழுந்திருங்கடி, விடிஞ்சுடுச்சு" என்பாள். முதலில் சுண்டுவிரல் அசையும். அது நல்ல பெண். கட்டைவிரல்தான் மாமியார், வீடு முழுக்க எழுந்து வேலையைத் தொடங்கிய பிறகுதான் எழுந்திருக்கும். நாள் முழுவதிலும் அவளுக்குப் பிடித்த நேரம் அதுதான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கடை முதலாளியிடம் பேசி பத்தரை மணிக்கு வேலைக்கு வருவதாக ஏற்பாடு. பிரேம்களைச் சூடாக்கி வளைப்பதற்கு மேஜையில் ஒரு சுடுமணல் பெட்டி உண்டு. பிரேம் இல்லாத நேரத்தில் அதில் அக்காவின் விரல்கள் இருக்கும். முதலாளி பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். அவளுடைய திருப்புளிக்குச் சைக்கிள் கைப்பிடியின் ரப்பரைச் செருகித் தடிமனாக்கியிருந்தாள். அரிசியைவிடச் சின்னத் திருகாணியை அந்தத் தடித்த திருப்புளியால் அவள் பூட்டுவதைப் பார்க்கவே சிலர் நின்றுகொண்டிருப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை மதியம் ஒல்லி வந்தான். மகனின் சிநேகிதன், பள்ளிக்கூட நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவன். கண்ணாடியின் ஒரு கால் ஆடியது.

"ஆன்ட்டி, உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றான்.

"இன்னும் திருகாணியே மாட்டலையேடா."

"அதில்ல ஆன்ட்டி. மலை மேல வானிலை நிலையத்துல வேலை. உங்க பையனுக்குத்தான் கிடைச்சுது. அவன் வேண்டாம்னுட்டான். வெள்ளிக்கிழமைக்குள்ள அவன் சரின்னு எழுதலைன்னா எனக்கு வந்துடும். நான்தான் அடுத்த ஆள்."

அக்காவின் திருப்புளி நின்றது. முகத்தில் ஒன்றும் காட்டாமல், ஒல்லியின் வாயைக் கிளறினாள். கிளறுவதற்கு அதிகம் தேவைப்படவில்லை. "அம்மா கை அப்படி இருக்கு, நான் போனா யார் பாத்துப்பாங்கன்னு சொன்னான் ஆன்ட்டி. நல்ல பையன்" என்று அவனே கொட்டிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனான்.

மகனைப் பற்றி ஒரு வார்த்தை. இருபத்தாறு வயது. அப்பா போனபோது ஐந்தாம் வகுப்பு. சின்ன வயதிலேயே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அன்றைய காற்று எந்தப் பக்கம், மேகம் என்ன நிறம் என்று எழுதி வைப்பான். படிப்பும் அதே படிப்பு. ஆனால் மூன்று வருஷமாக அவன் பார்ப்பது, குளிர்சாதனப்பெட்டிக் கம்பெனியில் தொலைபேசியை எடுத்து, பெட்டி குளிரவில்லை என்று கத்துகிறவர்களுக்குச் சமாதானம் சொல்கிற வேலை. வீட்டிலிருந்து எட்டு நிமிஷ நடை. அம்மாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, மூடிகளைத் திறந்து வைத்துவிட்டுப் போக வசதி.

அன்று மாலை அவன் வீட்டுக்கு வந்ததும், "ஒல்லி கடைக்கு வந்தான்" என்றாள் அக்கா.

மகன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெதுவாக, "நான் போயிட்டா உன் பொத்தானை யாரும்மா போடுவா? பாட்டிலை யார் திறப்பா? அடுப்பை யார் பத்தவைப்பா?" என்றான்.

"இத்தனை வருஷம் நீ செய்யறேன்னு நான் விட்டுட்டேன். எனக்குத் தெரியாதுன்னு யார் சொன்னா?"

"தெரியும்னா செஞ்சு காட்டு."

"காட்டறேன். நாளையிலேர்ந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் நாலு நாள். நீதான் பரீட்சை வைக்கிற வாத்தியார். நாற்காலியில உக்காந்து பாக்கணும், எதுலயும் கை வைக்கக் கூடாது. பாஸாயிட்டேன்னா நீ போறே."

"பெயிலாயிட்டா?"

"ஒல்லிக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்து அனுப்பிடு."

சிரிக்கச் சிரிக்கப் பேசினாளே ஒழிய, அன்று படுக்கையில் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. தன் கையால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை எட்டு நிமிஷ நடைக்குள் சுருங்கிவிடக் கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, வாத்தியார் சமையலறை நாற்காலியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அக்கா ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு டீத்தூள் டப்பாவைத் திறந்தாள். கெட்டிலில் பாதிதான் தண்ணீர் பிடித்தாள், அதையும் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஏந்திக்கொண்டு போனாள். சட்டைக்குப் பொத்தான் வேலை எதற்கு, பொத்தானுக்குப் பின்னால் காந்தம் வைத்துத் தைத்த சட்டை ஒன்றை முதலாளியின் மனைவி கொடுத்து இரண்டு வருஷமாகிறது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். டீ வருவதற்கு இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. மகன் இரண்டு தடவை பாதி எழுந்தான். "வாத்தியார் உக்காரணும்" என்று அதட்டி உட்கார வைத்தாள்.

பிஸ்கட் டப்பா மட்டும் மசியவில்லை. கையுறை, துணி, கதவிடுக்கு என்று எல்லாம் பார்த்துவிட்டு, "சரி, இன்னிக்கு பிஸ்கட் வேண்டாம்" என்று ரொட்டியை எடுத்துக்கொண்டாள்.

"ஆறு மார்க்" என்றான் மகன்.

"எதுக்குடா நாலு குறைச்சே?"

"பிஸ்கட்டுக்கு ரெண்டு. லேட்டுக்கு ரெண்டு."

"எனக்கு என்ன ரயிலா போகுது?" என்றாள். ஆனாலும் ஆறு என்பது உறுத்தியது.

புதன்கிழமை நடந்ததுதான் அதிசயம். டீத்தூள் டப்பா தொட்டதும் திறந்தது. கையுறையே தேவைப்படவில்லை. முரண்டு பிடிக்கிற குழாய் வெண்ணெய் மாதிரித் திரும்பியது. ஜன்னல் தாழ்ப்பாள் ஒரு விரலுக்கு நகர்ந்தது. கடைசியாகப் பிஸ்கட் டப்பாவில் கை வைத்தாள். மூடி கையோடு வந்துவிட்டது.

"பத்துக்குப் பத்து" என்றான் மகன், எங்கோ பார்த்துக்கொண்டு.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. போன மாதம் டாக்டர் மாற்றிக் கொடுத்த மாத்திரை கடைசியில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று முடிவு கட்டினாள். படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டு டீச்சரிடம் சொன்னாள். கடைக்குப் போய் முதலாளியிடம் சொன்னாள். சொன்னதோடு விட்டிருக்கலாம். துருப்பிடித்த திருகாணியோடு ஒரு பழைய பிரேம், வேறு பட்டறைக்கு அனுப்புவதற்காக ஓரமாகக் கிடந்தது. "கொடுங்க இப்படி" என்று எடுத்தாள். தடித்த திருப்புளி அதன் குழிக்குள் போகாது, மெல்லிய வெறும் திருப்புளிதான் போகும். ஒன்றரை மணி நேரம் அதனோடு போராடிக் கழற்றிவிட்டாள். ஜெயித்த வேகத்தில் அதே மாதிரி இன்னும் இரண்டு.

"போதும் அக்கா, கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றார் முதலாளி.

"இன்னிக்கு என் கை என் பேச்சைக் கேக்குது முதலாளி. நாளைக்குக் கேக்குமோ என்னவோ."

கேட்கவில்லை. வியாழக்கிழமை விடிந்தபோது விரல் முட்டிகள் வீங்கி மினுமினுத்தன, மணிக்கட்டு கொதித்தது. போர்வையைத் தள்ளக்கூட முடியவில்லை. நெடுநாள் கழித்து வந்த மோசமான காலை. மகன் எட்டிப் பார்த்தான். பார்த்தவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்படியே கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"நேத்து என்னம்மா பண்ணே?"

அவள் துருப்பிடித்த திருகாணியைப் பற்றிச் சொன்னாள். புது மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். மாத்திரை என்றதும் அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மாத்திரை இல்லம்மா. நான்தான்."

"நீயா?"

"நீ தூங்கினப்புறம் எல்லா மூடியையும் தளர்த்தி வச்சேன். குழாய்க்கும் தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் விட்டேன். நீ கஷ்டப்படறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியல. என்னாலதான் இப்படி ஆச்சு."

அக்கா ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்தால் தோள் குலுங்கும், தோள் குலுங்கினால் மணிக்கட்டு வலிக்கும். "ஐயோ, வலிக்குதுடா" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். "திருட்டுப்பயலே. பரீட்சை எழுதறவ காப்பி அடிச்சுக் கேள்விப்பட்டிருக்கேன். வாத்தியாரே ராத்திரியில வந்து விடையை எழுதி வச்சுட்டுப் போவானா?"

மகன் சிரிக்கவில்லை. திருதிருவென்று விழித்தான். அந்த முழியைப் பார்த்ததும் அக்காவின் சிரிப்பு நின்றது. கஷ்டப்படுவதைப் பார்க்க முடியாதவன் நடுவிலேயே எழுந்து திறந்து கொடுத்திருக்கலாமே. கொடுத்திருந்தால் பரீட்சை அதோடு முடிந்திருக்கும், அவன் இங்கேயே இருந்திருப்பான். இவன் காதும் காதும் வைத்தாற்போல இரவில் செய்திருக்கிறான், பத்துக்குப் பத்து போட்டிருக்கிறான்.

"நான் பாஸாகணும்னு உனக்கு அவ்வளவு ஆசையா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "போகணும். ரொம்பப் போகணும். அப்படி ஆசைப்படறதுக்கே வெக்கமா இருக்கு."

அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. உடம்பில் அத்தனை வலியோடு அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று அவளுக்கே தெரியாது. பதினோரு வருஷத்தில் இந்தப் பிள்ளை எனக்கு இது வேண்டும் என்று வாயைத் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. அதுதான் அவளுக்கு எந்த மூட்டு வலியையும்விட அதிகமாக வலித்தது. இப்போது கேட்டுவிட்டான்.

"ஆனா இந்தக் கையை வச்சுக்கிட்டு உன்னை எப்படி விட்டுட்டுப் போறது?" என்றான்.

"இன்னிக்குத்தான்டா நிஜப் பரீட்சை. நல்ல நாள்ல யார் வேணா பாஸ் பண்ணுவாங்க. ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டு நாற்காலியைக் கொண்டா, உக்காரு."

தலையணைப் பக்கத்தில் இருந்த கைபேசியை முழங்கையால் அருகே இழுத்து, குரலாலேயே எண்களைக் கூப்பிட்டாள். முதலில் மருத்துவமனை. நர்ஸ் விவரம் கேட்டு, டாக்டரிடம் பேசிவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். அடுத்தது முதலாளி. "வராதீங்க. வந்தா நான் கடையைப் பூட்டிட்டு ஓடிடுவேன்" என்றார் அவர். மூன்றாவது கீழ்வீட்டு டீச்சர். அவரிடம் அக்கா சொன்னது மூன்றே வார்த்தை. "டீச்சர், இன்னிக்கு எனக்கு."

பத்து நிமிஷத்தில் படியில் காலடி கேட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற காலடி. டீச்சருக்கு ஆஸ்துமா, கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். கையில் டீ நிரம்பிய பிளாஸ்க், பையில் உறிஞ்சுகுழல். மகனைப் பார்த்து, "இன்னிக்கு நீயும் இருக்கியா?" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, தன் வீடு மாதிரி அலமாரியைத் திறந்து மணிக்கட்டுப் பட்டைகளை எடுத்தார். அக்காவுக்கு அவற்றைக் கட்டிவிட்டார். மாத்திரை கொடுத்தார். தலைவாரிப் பின்னிவிட்டார்.

மகன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்தபடி எல்லாவற்றையும் பார்த்தான். "இது எவ்வளவு நாளா நடக்குது?"

"ஆறு வருஷம்" என்றார் டீச்சர். "நீ காலேஜுக்கோ ஆபீஸுக்கோ கிளம்பிப் போனப்புறம். புகையும் தூசியுமா இருக்கிற நாள்ல நான் போன் பண்ணி இன்னிக்கு எனக்குன்னு சொல்வேன். உங்கம்மா எனக்கு மருந்து வாங்கிட்டு வந்து, சாயங்காலம் வரைக்கும் கூட இருப்பா. சீட்டு விளையாடுவோம்."

"இந்தக் கையில எப்படிச் சீட்டைப் பிடிக்கறது?"

பதிலுக்கு டீச்சர் பாத்ரூமிலிருந்து தரை தேய்க்கிற புது பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து, கட்டிலில் மல்லாக்க வைத்தார். அதன் முட்களுக்கு நடுவே சீட்டுகளைச் செருகினால் விசிறி மாதிரி நிற்கும். அக்கா எந்தச் சீட்டு என்று மூக்கால் காட்டினாள், டீச்சர் எடுத்துப் போட்டார். பத்து மணிக்கு மருந்து வேலை செய்ய, அவள் தூங்கினாள். மதியம் எழுந்து, மூன்று பேருமாக மறுபடி விளையாடினார்கள். முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சர் புள்ளிகளைக் கூட்டுவதில் தில்லுமுல்லு செய்தார். கையும் களவுமாகப் பிடிபட்டபோது, மூச்சு முட்டுகிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். மோசமான நாள்தான், வலி குறையவில்லை. ஆனாலும் அந்த அறையில் அன்று சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

டீச்சர் இறங்கிப் போன பிறகு மகன் ஜன்னலோரம் போய் நின்றான். அவன் முதுகைப் பார்த்தே அவளுக்குப் புரிந்தது.

"என்னடா, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?"

"நான் ஒருத்தன்தான் உன்னைப் பாத்துக்கறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"தெரியும். அப்படி நினைக்கிறது உனக்குப் பெருமையா இருந்துச்சு, கெடுக்க வேணாம்னு விட்டுட்டேன். அது என் தப்பு." அக்கா கொஞ்சம் யோசித்தாள். "இந்த வியாதி வந்து நான் கத்துக்கிட்டது கேட்டு வாங்கறதைத்தான். முதலாளிகிட்ட கேப்பேன், டீச்சர்கிட்ட கேப்பேன், பஸ்ல பக்கத்துல நிக்கறவர்கிட்ட கேப்பேன். உங்கிட்ட மட்டும்தான் கேட்டதே இல்ல. கேக்கறதுக்கு முன்னாடியே நீ செஞ்சு முடிச்சுடுவே."

அவன் திரும்பி, "ஒன்பது மார்க்" என்றான்.

"ஒண்ணு எங்கே போச்சு?"

"கடைசி ஆட்டத்துல என் சீட்டை எட்டிப் பாத்தே."

வெள்ளிக்கிழமை வீக்கம் பாதி வடிந்திருந்தது. மகன் மேஜையில் உட்கார்ந்து, வேலையை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு அனுப்பினான். ஒல்லிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டான். "விடுடா, எனக்குக் குளிர் ஒத்துக்காது" என்றானாம் ஒல்லி. நல்ல பிள்ளை, அவனுக்கும் ஒரு வேலை சீக்கிரம் கிடைக்கட்டும்.

"நான் போனா உனக்குக் கஷ்டமா இருக்காதாம்மா?" என்று அன்று கேட்டான் மகன்.

"இருக்கும். முதல் வாரம் அழுவேன். டீச்சர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சுட்டேன்."

சொன்னபடியே அழுதாள். முதல் வாரம் முழுக்க இல்லை, மூன்று நாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் அவன் விடுப்பில் வந்தான். இத்தனை வருஷமும் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் கண் முதலில் போவது அவள் கைகளுக்குத்தான். இன்று எவ்வளவு வீக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பான். அக்காவுக்கும் கதவைத் திறந்த கையோடு இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிற பழக்கம் வந்துவிட்டிருந்தது. அன்றும் கொண்டுபோனாள்.

"அம்மா, அங்க மேகம் எங்களுக்குக் கீழ இருக்கும்மா" என்றான் அவன் வாசலிலேயே, அவள் முகத்தைப் பார்த்து. செருப்பைக் கழற்றவில்லை, பையை இறக்கவில்லை. காற்று வேகம் அளக்கிற கருவியைப் பற்றிச் சொன்னான். ஒரு விடியற்காலையில் பனிமூட்டம் அறைக்குள் வந்து தன் பதிவேட்டை நனைத்துவிட்டதைச் சொன்னான். முன்னறிவிப்பில் மழை இல்லை என்று எழுதிவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போன பெரிய அதிகாரியைப் பற்றிச் சொல்லிச் சிரித்தான். அவள் உட்கார்ந்து கேட்டாள். கேட்கக் கேட்க அவள் கைகள் முதுகுக்குப் பின்னாலிருந்து தாமாக வந்து மேஜைமேல் கிடந்தன. அன்று இடது மணிக்கட்டில் பட்டைகூட இருந்தது. அவன் பார்க்கவில்லை. சொல்வதற்கு அவனிடம் அத்தனை இருந்தது. அவன் பார்க்கவில்லை என்பதை அவள் பார்த்தாள், அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"டேய், கை இன்னிக்குச் சரியில்ல" என்றாள். "நீயே ஒரு டீ போட்டுக் கொடு."

"சரிம்மா" என்று எழுந்தவன், பேச்சை நிறுத்தாமலே சமையலறைக்குள் போனான். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு மேலாக அவன் குரல் கேட்டது. சரியாகக் காதில் விழாததால் அவள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டு, "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டாள்.